கோட்டு வாசலில் "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் காணி வழக்கோ தாபரிப்பு (பராமரிப்புக் காசு) வழக்கோ இருக்கிறவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். எனக்கு 65,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய நட்டம், இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தின் பெறுமதி பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு கொக்குவில் பக்கம். இரண்டரைப் பரப்பு வளவு, அம்மாவின் சீதனக் காணி. சித்திரை வருஷத்துக்கு வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் போய், ஏப்ரல் 16ஆம் திகதி திரும்பி வந்தால் மேற்கு வேலி நாலடி எங்கள் பக்கம் வந்து நிற்கிறது. கதியால் அரக்குவது, அதாவது வேலித் தடிகளைப் பிடுங்கி அடுத்த வளவுக்குள் தள்ளி நடுவது, எங்கள் ஊரில் புதிய விஷயம் இல்லை. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு சாண் என்று நடக்கும். இது நாங்கள் இல்லாத நாலு நாளில் நடந்தது. புதிய வேலிக்கு அங்கால் பழைய கதியால் பிடுங்கிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. புதிதாக நட்ட கிளுவைத் தடிகளில் வெட்டுவாய் இன்னும் பச்சையாக இருந்தது. அம்மா ஒவ்வொரு தடியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனா. ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாளே பொலிஸில் முறைப்பாடு போட்டோம். "இது காணிப் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ" என்றார்கள். அப்பா இல்லை, தம்பி கனடாவில். கோடு கச்சேரி ஏறின ஆட்களே எங்கள் வீட்டில் இல்லை. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நீதிமன்றப் பக்கம் போய் நின்றபோதுதான் அந்த மனிதரைச் சந்தித்தேன்.

வெள்ளைச் சேர்ட், கக்கத்தில் ஒரு ஃபைல், பொக்கற்றில் மூன்று பேனை. எதிர்த் தேத்தண்ணிக் கடையில் அவருக்கென்று ஒரு வாங்கு. சட்டத்தரணி இல்லை, எழுதுவினைஞரும் இல்லை. ஆனால் போகிற வருகிற எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், அவர்களும் திருப்பிச் சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். "தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. லோயரிட்டப் போனா வருஷக்கணக்கா இழுபடும். உள்ளுக்கு எங்கட ஆள் இருக்கு" என்றார். வழக்குப் பதிய 25,000. பத்து நாள் கழித்து, "ஐயாவோட கதைக்கிறதுக்கு" என்று இன்னொரு 40,000. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் துண்டு தாறேல்ல தங்கச்சி" என்று சிரித்தார். தம்பி அனுப்பிய காசை எண்ணிக் கொடுத்தேன். எந்த ஐயா, என்ன கதை என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். விளங்கியது. வேலி பழையபடி போனால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மே நடுவில் ஒரு கடதாசி தந்தார். மேலே வழக்கு இலக்கம், கீழே ஊதா முத்திரை, தவணை ஜூன் 23 என்று எழுதியிருந்தது. அதை அம்மா சாமிப் படத்தடியில் வைத்தா. முத்திரையில் "யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் ஒரு புள்ளிகூட இல்லை, வெறும் "யாழபபாணம". மை பட்ட தவறு என்று நினைத்தேன். கணினியில் தமிழ் எழுத்துருச் சிதறும்போது வருகிற தவறு அது என்று இப்போது தெரியும்.

ஜூன் 21 காலை கடைக்கு வரச் சொன்னார். வாங்கில் வைத்து ஒரு சத்தியக்கடதாசியை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுங்கோ, சமாதான நீதவான் அங்கால இருக்கிறார்" என்றார். நல்ல காலம், வாசித்தேன். வேலி அரக்கிய திகதி மே 5 என்று அடித்திருந்தது. ஏன் என்று கேட்டால், "ஏப்ரல் எண்டா வழக்கு நிக்காது, ரெண்டு மாசம் தாண்டிப் போச்சு. ஒரு சாட்சியும் நான் பிடிச்சுத் தாறன், அவர் கண்ணால கண்டதெண்டு சொல்லுவார். அதுக்கு 15 தாங்கோ" என்றார். அதுவரை வழக்கே பதியவில்லை என்பது அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது.

மாட்டேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை அவர். "காசு குடுத்தது நீங்கள்தானே தங்கச்சி. வெளியில வாய் திறந்தா முதல் உள்ளுக்குப் போறது நீங்கள்தான்." இதற்காகத்தான் இந்தப் பதிவு. இந்த ஆட்களின் பிழைப்பே இந்த ஒரு வசனத்தில்தான் ஓடுகிறது. முதலில் காசை வாங்குவார்கள், அப்புறம் நம்மையும் குற்றத்தில் பங்காளி ஆக்கிவிடுவார்கள். பிறகு நம்மால் ஒரு இடத்திலும் போய்ச் சொல்ல முடியாது. மூன்று நாள் நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நாலாம் நாள் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அந்த இலக்கத்தைப் பதிவகத்தில் பார்க்க வைத்தார். அது யாரோ ஒரு அம்மாவின் தாபரிப்பு வழக்கு இலக்கம். பிறகு அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

வேலி அரக்கி வளவைப் பிடித்தால் அதற்கு எதிராகப் போடுகிற, நம் ஆட்கள் "66 வழக்கு" என்று சொல்வது, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. சமாதானக் குலைவு வரக்கூடிய காணிப் பிணக்கு என்றால் பொலிஸ் அறிக்கை போடலாம், பாதிக்கப்பட்டவரும் நேரே சத்தியக்கடதாசியோடு போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்குக் காணியின் ஆட்சியைத் திருப்பிக் கொடுக்க, வழக்குப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் இந்தச் சட்டத்தரணியிடமே போயிருந்தால் கையில் ஒன்றரை மாதம் இருந்திருக்கும். அந்த ஒன்றரை மாதத்தையும் நான் தேத்தண்ணிக் கடை வாங்கில் தொலைத்தேன். இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் உறுதி, நில அளவைப் படம் எல்லாம் வைத்து வழக்காட வேண்டும். அது வேறு பாதை, நீண்ட பாதை.

அந்தச் சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்டிருந்தால்? தண்டனைச் சட்டக்கோவையின்படி நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்துகொண்டே பொய்ச் சாட்சியம் அளித்தால் ஏழு வருஷம் வரை சிறை. கூண்டில் ஏறிச் சொல்வது மட்டும்தான் பொய்ச் சாட்சி என்று நான் நினைத்திருந்தேன். சத்தியம் செய்து கையெழுத்திடும் கடதாசியும் அதற்குள் வரும். இல்லாத ஆதாரத்தை உண்டாக்குவது தனிக் குற்றம். அதோடு என் பொலிஸ் முறைப்பாட்டிலேயே ஏப்ரல் 17 என்று பதிவு இருக்கிறது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அதை எடுத்து நீட்டினால் அங்கேயே நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். உண்மையாக எங்கள் காணியைப் பிடித்தவர் நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போயிருப்பார்.

"ஐயாவோட கதைக்கிறது" பற்றியும் கேட்டேன். நீதிபதி ஒருவரின் கடமையில் தலையிடுவதையோ தலையிட முயல்வதையோ அரசியலமைப்பே, 111சி உறுப்புரையில், குற்றம் என்கிறது. இலஞ்சம் என்றால் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. என் காசு எந்த ஐயாவிடமும் போகவில்லை, அந்த ஆளின் பொக்கற்றோடு நின்றுவிட்டது என்றுதான் நம்புகிறேன். ஆனால் ஒரு நீதவானின் பேர் என் காசில் விலை பேசப்பட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. 2015 மே மாதம் எங்கள் நீதிமன்றக் கட்டடத் தொகுதிக்குச் சிலர் கல்லெறிந்தபோது, இப்படியும் செய்வார்களா என்று கோபப்பட்டவள் நான். வாங்கில் இருந்து காசு எண்ணியபோது நான் செய்ததும் அந்த இடத்துக்குக் கல்லெறிந்ததுதான்.

சட்டத்தரணியோடு போய்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். காசு கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். போலிக் கடதாசியை, அழைப்பு விபரங்களை, "15ஐயும் கொண்டு வாங்கோ" என்ற குரல் பதிவை ஒப்படைத்தேன். விசாரணை நடப்பதால் ஆளின் பேரை எழுதமாட்டேன். கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள்.

உங்களிடமும் இப்படி ஒரு கடதாசி இருந்தால், இன்றே வழக்கு இலக்கத்தைக் கொண்டுபோய் நீதிமன்றப் பதிவகத்தில் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, நான் முதலே போயிருக்க வேண்டிய இடம் அது. இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அந்த வெள்ளைச் சேர்ட்டுக்காரரிடம் ஏமாந்தவர்கள் வேறு யாரும் இருந்தால், தனியாகப் பொலிஸுக்குப் போகப் பயம் என்றால் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.