கட்டுப் போட்ட காலும் 4 மி.மீ. வட்ட ஊசியும்: ஆறு வாரம் பின்னிய பிறகு

போன நவம்பரில் ஏற்காட்டில் அக்கா வீட்டுப் பின்படியில் பாசி வழுக்கி விழுந்தேன். இடது கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சேலம் அழகாபுரம் வீட்டுக்கு வந்து படுத்ததும் வந்தவர் போனவர் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புத்தூர் கட்டுக்குப் போ என்றார் ஒருவர், ஆட்டுக்கால் சூப் குடி என்றார் இன்னொருவர், கறி சாப்பிடாத பக்கத்து வீட்டு அத்தை மலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்து, அந்த ரோமத் தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைத்துக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. ஆனால் பகல் முழுக்க விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பவள் அந்த நேரத்தை என்ன செய்வாள் என்று யோசித்தது அம்மா மட்டும்தான். "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்குது கண்ணு, ஊசி நூல் எடுத்துப் பின்னு" என்றார். அம்மா சின்ன வயதில் கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் பின்னல் கற்றவர்.

முதலில் செய்த தப்பு, ஆன்லைனில் 'ஆரம்பநிலை கிட்' ஒன்றை வாங்கியது. பெட்டி பார்க்க அழகு. உள்ளே இருந்த ஊசிகளின் முனை மழுங்கல், நூல் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு உருண்டை, பன்னிரண்டு நிறம் இருந்தும் ஒரு குழந்தைக் குல்லாவுக்குக்கூட ஒரே நிறத்தில் போதாது. லேபிளும் இல்லை, அதனால் எத்தனை கிராம், எந்த ஊசிக்கு ஏற்ற நூல் என்று தெரியவே வழியில்லை. பின்னல் புதிதாகப் பழகுகிறவர்கள் தயவுசெய்து இந்த மாதிரி கிட்டை வாங்காதீர்கள், காசு போவது ஒரு பக்கம், தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துப் பாதியிலேயே விட்டுவிடுவோம்.

அடுத்து அம்மாவின் பழைய நேர் ஊசி ஜோடி, 35 செ.மீ. நீளம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்கு அது போதும். காலை மூன்று தலையணை மேல் தூக்கி வைத்து, முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பவர்களுக்கு அது சரிப்படாது. ஊசியின் பின்முனை பக்கத்துத் தலையணையில் இடிக்கும், துணி நீள நீள மொத்த எடையும் மணிக்கட்டில் தொங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு ஊசி கை நழுவினால் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும், குனிய முடியாது, யாராவது வரும்வரை அப்படியே கிடக்க வேண்டும்.

அப்புறம்தான் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைவீதியில் இருக்கும் ஒரு சின்ன நூல் கடைக்கு என் மகள் போய், அங்கிருந்து வீடியோ காலில் காட்டினாள். கடைக்காரர் என் நிலைமையைக் கேட்டுவிட்டு "படுத்துக்கிட்டே போடறதுன்னா நேர் ஊசி வேண்டாம்மா, வட்ட ஊசி எடுத்துக்குங்க" என்று அவராகவே சொன்னார். நான் கேட்ட இலைப்பச்சை போனில் வேறு மாதிரித் தெரிகிறது என்றதும், நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துக் காட்டினார். இந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்கு மறுபடி போவேன்.

வாங்கியது போனி வட்ட ஊசி, 4 மி.மீ., 80 செ.மீ., அலுமினியம். 200 ரூபாய்க்குள் முடிந்தது. போனி நம் நீலகிரியில், கேத்தியில் தயாராகிற ஊசி, இத்தனை வருஷம் அதை வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைத்திருந்தேன். வட்ட ஊசி என்றதும் குல்லா மாதிரி வட்டமாக மட்டும்தான் பின்ன முடியும் என்று நினைக்க வேண்டாம். வரிசை முடிந்ததும் கைகளை மாற்றிப் பிடித்துத் திரும்பினால் மஃப்ளர், சால்வை எல்லாம் நேராகவே வரும். இரண்டு சின்ன முனைகள், நடுவே வயர், அவ்வளவுதான். துணியின் பாரம் வயரோடு மடியில் விழுந்துவிடுகிறது, மணிக்கட்டு தப்பிக்கிறது. தவறி விழுந்தாலும் இரண்டு முனையும் ஒன்றாகத்தான் விழும், உருளாது. ஃபிசியோ வரும்போது கண்ணிகளை, அதாவது ஊசியில் ஏறியிருக்கும் நூல் வளையங்களை, வயருக்குத் தள்ளிவிட்டு ஓரமாக வைத்தால் ஒன்றுகூடக் கழன்று போகாது.

எந்தக் கம்பெனி வட்ட ஊசி வாங்கினாலும் வயரும் ஊசியும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் நூலும் தட்டும், ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிக்குக் கண்ணி தட்டும், அதை வாங்காதீர்கள். வயர் பெட்டியில் சுருண்டே இருந்ததால் அடம்பிடிக்கும், வெந்நீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து நீட்டிப் பிடித்தால் சரியாகிவிடும். மூங்கில் ஊசியும் முயன்றேன். கண்ணி வழுக்காது என்பதால் புதியவர்களுக்கு நல்லதுதான், ஆனால் மதியம் கரண்ட் போய்க் கை வியர்த்தால் அக்ரிலிக் நூல் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. சேலத்துக்கு அலுமினியமே என் தேர்வு.

நூல் உருண்டையும் ஓடும். அம்மா அதை எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் போட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து நூலை வெளியே விட்டுக் கட்டிலில் வைத்துவிட்டார். இழுக்க இழுக்க உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது.

முதன்முறை பின்னுகிறவர்கள் 40 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டும் போடுங்கள். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று மாற்றிப் போட்டால் துணி ஓரம் சுருண்டுகொள்ளும், மஃப்ளருக்கு ஆகாது. அரை மணிக்கு ஒரு முறை ஊசியை வைத்துவிட்டுக் கால் விரல்களை மடக்கி நீட்டுங்கள், கழுத்தையும் திருப்புங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் கட்டுக்குள் தாங்க முடியாத அரிப்பு, ராத்திரி இரண்டு மணி, ஊசி கையிலேயே இருக்கிறது, கட்டின் வாயில் நுழையும் அளவில்தான் இருக்கிறது. நுனியை உள்ளே விட்டேன், அம்மா விழித்துக்கொண்டு கையைப் பிடித்துவிட்டார். மறுநாள் டாக்டரிடம் கேட்டபோது, உள்ளே தோல் கீறிப் புண்ணானால் வெளியே தெரியாது, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும் என்றார். அரிப்பு எடுத்தால் கட்டின் மேல் மெல்லத் தட்டுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியை உள்ளே விடவே விடாதீர்கள்.

நூல் 100 கிராம் உருண்டை இரண்டு வாங்கினேன், கடைசியில் குறைந்துவிட்டது. லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண்) இருக்கும், தேவையான எல்லாவற்றையும் ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது உருண்டை அதே பச்சை, அதே கம்பெனி, ஆனாலும் ஒரு சாயல் மஞ்சளாக இருந்தது. மஃப்ளரின் கடைசி ஒரு முழம் அதில்தான் பின்னினேன். கட்டுப் பிரித்ததும் அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன், அவள் அந்த ஒரு முழத்தை உள்பக்கமாக விட்டுக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஏற்காட்டுப் பனியில் காலையில் பால் வாங்கப் போகிறாள்.