பையனை மட்டும் அனுப்புவதா, வீடே போய் உட்காருவதா?

பிளஸ் ஒன் அரையாண்டுக்கு அப்புறம் என் மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம். கவுன்சலிங் என்று முடிவானதும் எங்கள் முன் இரண்டு வழி இருந்தது: அவனை மட்டும் அனுப்புவது, இல்லை மூன்று பேரும் சேர்ந்து உட்காருவது. இரண்டையும் பார்த்துவிட்டோம். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

தனியாகப் போவதன் லாபம் தெரிந்ததே. பிள்ளை மனம்விட்டுப் பேசுவான். சொன்னது வெளியே வராது. உயிருக்கு ஆபத்து, போக்சோ சட்டத்துக்குள் வரும் விஷயம் போன்றவை மட்டும் விலக்கு. செலவும் அலைச்சலும் குறைவு. ஆறு முறை போனான். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும், பைக்கில் பேசிக்கொண்டே வருவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ரெக்கார்ட் நோட் முடிச்சியா?" என்று நான் ஆரம்பிப்பேன். கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

என்னைப் பொறுத்தவரை விஷயமே இதுதான். கவுன்சலரோடு வாரத்துக்கு 50 நிமிடம். மிச்சப் பொழுதெல்லாம் எங்களோடு. அங்கே அவன் தேற்றிக்கொண்டு வந்ததை இங்கே ஐந்து நிமிடத்தில் நான் கரைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்து போன முதல் நாள், "தூக்கம் எப்படிப்பா?" என்று அவனைத்தான் கேட்டார் கவுன்சலர். "ரெண்டு மணி வரைக்கும் ஃபோன்தாங்க" என்றாள் என் மனைவி. "தம்பி சொல்லட்டும்மா." அடுத்த கேள்விக்கு நான் முந்திக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு எழுந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அவன் நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டார். "இப்ப நீங்க ரெண்டு பேரும் நேரா பேசுங்க." அப்போதுதான் உறைத்தது. "அப்பாவைக் கரண்ட் பில் கட்டச் சொல்லுடா", "அம்மாகிட்ட நான் லேட்டா வருவேன்னு சொல்லு" என்று வருடக்கணக்காக அவனைத் தபால்காரனாக்கி வைத்திருந்தோம். கசப்பும் அவன் வழியாகத்தான் போய் வந்திருக்கிறது.

நாற்காலியை மாற்றிப்போடுவது அவர் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் குடும்ப சிகிச்சை நிபுணர் சால்வடோர் மினுச்சின் அரை நூற்றாண்டுக்கு முன்பே கையாண்ட முறை. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் வீட்டார் ஒருவர் கூடவே தங்குவது பல காலமாக இருக்கும் வழக்கம்.

எங்கள் கவுன்சலர் வீட்டுக்கு இரண்டு விதி கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் மார்க் பேச்சு கூடாது. எங்கள் சங்கதியை அவன் மூலம் அனுப்பக் கூடாது. முதலாவது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. இரண்டாவதுக்கு நாங்கள் பட்ட பாடு! என் தம்பிக்கு நான் கொடுத்த கடன் பற்றிக்கூட நேருக்கு நேர் பேசவேண்டி வந்தது. நான்காவது வாரம் யாரும் கூப்பிடாமல் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

குறைகளும் உண்டு. மூன்று பேருக்கும் நேரம் ஒத்துவர வேண்டும். ஒரு தடவை என் அம்மாவும் வந்து, "புள்ள நல்லாத்தானே இருக்கான்" என்றதில் அன்றைய நேரம் முழுதும் போனது. குடும்பத்தோடு பேசுவதில் பயிற்சி உண்டா என்று கவுன்சலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளை எதிரிலேயே பெற்றோருக்கு வகுப்பெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடி உதை நடக்கும் வீட்டில் இது சரிப்படாது. உள்ளே வாய் திறந்தால் திரும்பும் வழியில் அடி விழும். அங்கே தனியாகப் போவதே நல்லது. தற்கொலைப் பேச்சு வந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, ஒரே பையன்தான்.

இப்போது மாதம் ஒரு தடவை போகிறோம். போன தடவை கடைசி 15 நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அவனே கேட்டான். நானும் அவளும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் யாரும் இல்லாமல். பேச விஷயம் கிடைக்கச் சற்று நேரமானது.