அரவேனு இலை, கோத்தகிரிக் கணக்கு: போஸ்ட்மேன் வேரியபிள் பற்றி

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது சிறு தேயிலை விவசாயிகளுக்கான ஆப். பச்சை இலையை எடை போட்டதும் விவசாயி எண், மையம், கிலோ மூன்றும் சர்வருக்குப் போகும், ரசீது வரும். இதன் ஏபிஐயை, அதாவது ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழியை, சோதிக்க நான் வைத்திருப்பது போஸ்ட்மேன் என்ற மென்பொருள். 2012-ல் குரோம் எக்ஸ்டென்ஷனாகத் தொடங்கியது, இன்று திறந்தால் எங்கே பார்த்தாலும் பட்டன். அதில் பாதியை நான் தொட்டதில்லை. வேரியபிள், அதாவது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர், அது இல்லாமல் மட்டும் ஒரு நாள் ஓடாது.

முதலில் சர்வர் முகவரியை, சர்வருக்கு அனுப்பும் எண்பது ரிக்வெஸ்டிலும் கையாலேயே அடித்து வைத்திருந்தேன். டெஸ்ட் சர்வர் மாறிய அன்று மத்தியானச் சோறு சாயங்காலம்தான். இப்போது முகவரி இருக்கவேண்டிய இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் ஒரு பெயர். அசல் மதிப்பு என்விரான்மென்ட்டில், அதாவது ஒரு சர்வருக்கான மதிப்புகளின் தொகுப்பில். மேலே என்விரான்மென்ட்டை மாற்றினால் எண்பதும் சேர்ந்து மாறும். லாகின் பதிலில் அனுமதிச் சீட்டுபோல வரும் டோக்கனை ஒரு வரி ஸ்கிரிப்ட் எடுத்து வேரியபிளில் போட்டுவிடும்.

கோளாறு எங்கே என்றால், ஒரே பெயரை ஐந்து இடத்தில் வைக்கலாம்: குளோபல் (எல்லாவற்றுக்கும்), கலெக்‌ஷன் (ரிக்வெஸ்ட்களின் தொகுப்பு), என்விரான்மென்ட், டேட்டா ஃபைல், லோக்கல் (தற்காலிகமானது). மோதினால் உள்ளே இருப்பதுதான் ஜெயிக்கும். அதாவது இந்த வரிசையில் பின்னால் வருவது. மையம் என்ற வேரியபிளில் அரவேனு என்று என்விரான்மென்ட்டில் வைத்திருந்தேன். நாற்பது விவசாயிகளை ரன்னரில், அதாவது கலெக்‌ஷனை வரிசையாக ஓட்டும் பகுதியில், ஓட்ட, டேட்டா ஃபைலாகப் பழைய சிஎஸ்வி அட்டவணை ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். தலைப்பு வரியில் உள்ள பெயர்கள்தான் வேரியபிள். ஒரு வரிக்கு ஒரு ஓட்டம். அதிலும் மையம் என்று ஒரு பத்தி, கீழே முழுக்க கோத்தகிரி. நான் கவனிக்கவே இல்லை. நாற்பது பேர் இலையும் கோத்தகிரிக் கணக்கில் ஏறியது, திரையில் எல்லாமே பச்சை! 'சரி' என்று சர்வர் சொல்லும் 200 என்ற குறியீடு வந்ததா என்று மட்டும் பார்க்கிற டெஸ்ட் எழுதியது யார்? நான்தான். அதற்குப் பிறகு வேரியபிள் மேல் மவுஸை வைத்து, மதிப்பு என்ன, எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஓட்டுவதில்லை. ஓட்டத்துக்கு நடுவில் சந்தேகம் வந்தால் கன்சோல். நிஜமாகப் போன ரிக்வெஸ்ட் அங்கே அப்படியே இருக்கும்.

சின்னக் குறை: என்விரான்மென்ட்டில் ஆப்ஜெக்ட்டை (பல மதிப்புகள் சேர்ந்த கட்டு) ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் வைக்கவேண்டும், எடுக்கும்போது திரும்பப் பிரிக்கவேண்டும்.

மேகம் இறங்கி நெட் படுத்துவிட்டால், போஸ்ட்மேன் கலெக்‌ஷனை ஓட்டும் நியூமேன் என்ற கருவி. அதே கலெக்‌ஷன், அதே சிஎஸ்வி, கமாண்ட் லைனில். சர்வரின் பிரதி லேப்டாப்பிலேயே ஓடுவதால் மழை பெய்தால் பெய்யட்டும்.

எனக்குப் பிடித்தது தானாக மதிப்பு போட்டுக்கொள்ளும் வேரியபிள்கள். 0 முதல் 1000 வரை ஏதோ ஒரு எண்ணைத் தரும் ஒன்றைக் கிலோவில் வைத்தேன். ஒரு ஓட்டத்தில் 0 விழுந்தது. சர்வர் கூச்சமே இல்லாமல் ரசீது போட்டது.

இதை பக் (பிழை) என்று பதிவு போட்டதும் டெவலப்பர் தம்பி போன் பண்ணினான். "அக்கா, 0 கிலோ இலையை யாருக்கா தூக்கிட்டு வருவாங்க?"

"யாரும் வேணாம் தம்பி. தராசுல மூட்டை வைக்கறதுக்கு முன்னாடி அவசரத்துல பட்டனை அமுக்கினா போதும்."

சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்பிவிட்டான்.