படிகாரமா, நாணலா?

பாசி படர்ந்து பச்சைப்பசேலென்று கிடக்கும் ஏரியைத் தெளியவைக்கப் படிகாரம் தூவினால் பலன் கைமேல் கிடைக்கும். சில மணி நேரத்தில் கலங்கல் திரண்டு, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். அளவு மீறினால் அமிலத்தன்மை ஏறி, நீரில் கரையும் அலுமினியம் மீன்களைக் கொல்லும். கழிவுநீர் வந்துகொண்டே இருந்தால் மறுபடியும் தூவ வேண்டியதுதான்.

அவசரத்துக்கு அது சரி. நீண்ட காலத்துக்கு என் வாக்கு கரையோர நாணலுக்கும் சம்புக்கும்தான். நீருக்குள் இருக்கும் தண்டைத் தடவிப் பாருங்கள், வழவழவென்றிருக்கும். அந்தப் படலம் முழுக்க நுண்ணுயிரிகள். தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் சேற்றில் கசிகிறது. கசியும் இடத்தில் ஒருவகை பாக்டீரியா, கழிவுநீரோடு வந்து பாசிக்கு உரமாகும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகிறது. சற்றே தள்ளி, ஆக்சிஜன் எட்டாத சேற்றில், வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. படிகாரத்தால் ஆகாத காரியம் இது.

பாஸ்பேட் விஷயத்தில் மட்டும் நாணலுக்கு ஆள் துணை வேண்டும். முற்றியதை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் (பலரும் மறந்துவிடும் வேலை இது), மட்கி, உறிஞ்சியதில் பெரும்பகுதியை ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.