செவலையின் ரத்த ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன கிளினிக்

திருச்சி உறையூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். செவலை குட்டியாக இருக்கும்போதே எங்கள் மில் வாசலில் வந்து படுத்தவன். நாட்டு நாய், இப்போது ஆறு வயது. போன ஆடி மாதம் அவன் பிழைப்பானா என்று தெரியாமல் தவித்தபோது எனக்குக் கை கொடுத்தது ஒரு சின்ன கால்நடை கிளினிக். ஒற்றை அறை, ஒரே ஒரு டாக்டரம்மா, உதவிக்கு ஒரு தம்பி. பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். இப்போதே கூட்டம் தாங்கவில்லை, வேண்டாம் அம்மா என்றுவிட்டார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். எந்த ஊரில் இருந்தாலும் நாய்க்கு எப்படிப்பட்ட இடம் தேட வேண்டும் என்பதற்காவது இது உதவும்.

முதலில் சாப்பாட்டை ஒதுக்கினான். வெயில் காரணமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். நான்காவது நாள் தயிர் சாதத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூட்டை எடை போடும் தராசில் நிற்க வைத்தேன், 20 கிலோ. சித்திரையில் 22 இருந்தவன். அன்று சாயங்காலம் மாவு படிந்த தரையில் அவன் மூக்கிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் விழுந்தது. வெள்ளைத் தரையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் என் கை கால் ஓடவில்லை.

கிடைத்த முதல் இடத்தில் ரத்தம் கொடுத்தோம். மனிதர்களுக்கு டெஸ்ட் எடுக்கும் லேப், நாய் ரத்தமும் வாங்கிக்கொள்வார்கள். இரவு ஒன்பதே முக்காலுக்கு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. பாதி எண்கள் சிவப்பு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 34,000. ஹீமோகுளோபின் 9.1. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 66, பக்கத்தில் 'குறைவு' என்று ஒரு குறி. செரிமானத்துக்கு உதவும் அமைலேஸ் என்ற நொதி 780, அதற்கு மேல்நோக்கி இரண்டு அம்புக்குறி. போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. ஓசூரில் இருக்கும் பையன் போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னான். அமைலேஸ் ஏறினால் கணையம் கெட்டுப்போயிருக்கும் என்று ஓரிடத்தில், ரத்தப் புற்று இருக்கலாம் என்று இன்னோரிடத்தில். "அம்மா, தேடுறதை நிறுத்திடலாம்மா" என்று அவனே சொன்னான். விடியும் வரை செவலையின் வயிற்றில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு இந்த கிளினிக். மில்லுக்கு அரைக்க வரும் ஒரு அக்கா சொல்லித்தான் போனேன். டாக்டரம்மா முதலில் ரிப்போர்ட்டை வாங்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து செவலையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றைத் திருப்பி, முடி குறைவான இடத்தில் கடுகு சைஸில் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். கால் விரல் இடுக்கிலிருந்து ஒரு உண்ணியை எடுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்தார். அப்புறம்தான் என் போனை வாங்கினார்.

ஒரு பேப்பரை எடுத்து எண்களை வரிசையாக எழுதி, என் எதிரிலேயே சிலவற்றை அடித்தார். "இந்த ரிப்போர்ட்ல இருக்கற அளவெல்லாம் மனுஷங்களுக்கு உள்ளதும்மா. நாய்க்கு எம்.சி.வி. 60லேர்ந்து 77க்குள்ள இருந்தா சரிதான். அமைலேஸ் நாய்க்கு இயல்பாவே ஆயிரம் வரைக்கும் போகும்." இரவு முழுக்க என்னைத் தின்ற இரண்டு சிவப்பு எண்கள் ஒரு நிமிடத்தில் காணாமல் போயின. மிச்சத்தை அவர் மறைக்கவில்லை. ஹீமோகுளோபின் நாய்க்கு 12க்குக் குறையக்கூடாது, இவனுக்கு 9 என்பது நிஜமாகவே குறைவு. ரத்தத்தில் உள்ள புரதங்களில் ஆல்புமின் குறைந்து குளோபுலின் ஏறியிருப்பதும் கவனிக்க வேண்டியது. கிரியாட்டினின் 1.3, சிறுநீரகம் இப்போதைக்குத் தப்பித்திருக்கிறது. பிளேட்லெட்தான் பெரிய கவலை, அதை மெஷின் சொன்னதை நம்பாமல் நாமே பார்ப்போம் என்றார்.

அங்கே மைக்ரோஸ்கோப் இருக்கிறது. முன்னங்காலில் ரத்தம் எடுத்துவிட்டு அந்தத் தம்பி ஐந்து நிமிடம் விடாமல் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு ஊசி போட்ட இடம் சீக்கிரம் உறையாதாம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றி, காயவைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் தூள் தூளாக இருந்தவைதான் பிளேட்லெட். கண்ணாடியின் ஓரத்தில் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒட்டிக்கிடந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஈரம் பட்ட மாவு கட்டி கட்டினால் சல்லடையில் இறங்காது, எடையில் குறையும். மாவு எங்கேயும் போயிருக்காது. மெஷினும் கட்டியாக இருப்பதைக் கணக்கில் விட்டுவிடுமாம். டாக்டரம்மா பத்து இடத்தில் எண்ணினார். ஓர் இடத்துக்கு மூன்று, நான்கு. ஒன்றுக்கு 15,000 என்று பெருக்கினால் ஏறக்குறைய 50,000. நாய்க்கு இரண்டு லட்சம் இருக்க வேண்டும். ஆக நல்ல செய்தி இல்லை, ஆனால் 34,000 இல்லை.

அடுத்து உண்ணிக் காய்ச்சலுக்கான கிட் டெஸ்ட். சில சொட்டு ரத்தம் விட்டு எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். நீலப் புள்ளி தெரிந்தது. எர்லிக்கியா, நம் ஊரில் டிக் ஃபீவர் என்பது பெரும்பாலும் இதைத்தான். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் கிருமி, வெள்ளையணுவுக்குள்ளேயே இடம் பிடித்துக்கொள்கிறது. பெயர் தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை. எதோடு போராடுகிறோம் என்று தெரிந்துவிட்ட அழுகை. டாக்டரம்மா அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, 28 நாள். இரண்டாம் நாளே எழுந்து ஓடினாலும் நிறுத்தக்கூடாது என்பதைச் சீட்டில் இரண்டு தடவை அடிக்கோடிட்டுத் தந்தார். சாப்பிட்ட பிறகு கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். தொண்டையில் ஒட்டினால் புண்ணாகிவிடும். பால், தயிரோடு கொடுக்கக்கூடாது. வீட்டில் கிடக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. அப்புறம் ஈறைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். விரலால் அழுத்தினால் வெளுக்கும், எடுத்தால் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தே இருந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்தாலோ, மூக்கில் மறுபடி ரத்தம் வந்தாலோ நேரம் பார்க்காமல் கூப்பிடச் சொன்னார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அந்த மூன்றே வரியில் எனக்குப் பிடிபட்டது. அன்றிரவு தூங்கினேன். இடையில் இரண்டு தடவை எழுந்து ஈறைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவரே போன் செய்தார். "சாப்பிட்டானாம்மா?" அரை இட்லி தின்றிருந்தான். மூன்றாம் நாள் வாசலில் பால்காரரைப் பார்த்துக் குரைத்தான். ஏழாம் நாள் பிளேட்லெட் 1,38,000. மாத்திரை முடிந்ததும் எடுத்ததில் 2,64,000, ஹீமோகுளோபின் 12.3. கிட் டெஸ்டை மறுபடி எடுக்கலாமா என்று நானே கேட்டேன். கிருமி போன பிறகும் அந்தப் புள்ளி பல மாதம் தெரியலாம், வீண் செலவு, வீண் கவலை என்று மறுத்துவிட்டார். காசு வருகிற டெஸ்டை வேண்டாம் என்று சொல்கிற இடம் இது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பீஸ் 300, ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்த ஸ்மியர் 150, கிட் 1,500, பின்னால் எடுத்த ரத்த எண்ணிக்கை ஒவ்வொன்றும் 450. எல்லாவற்றுக்கும் பில் உண்டு. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ஒரே நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதித் தருகிறார்.

குறைகளும் உண்டு. இரவில் நாயைச் சேர்த்துக்கொள்ள வசதி இல்லை. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதை முதல் நாளே சொல்லிவிட்டார். ஞாயிறு விடுமுறை. காத்திருக்க ஒரே ஒரு பெஞ்சு, நாயும் பூனையும் பக்கத்தில் பக்கத்தில். பயந்த நாயாக இருந்தால் ஆட்டோவிலேயே வைத்திருங்கள், தம்பி வந்து கூப்பிடுவான். சாயங்காலம் கூட்டம் அதிகம், காலையில் போவது நல்லது. ரத்தம் எடுக்கப் போகும் அன்று எட்டு மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் கூட்டிப்போங்கள், தண்ணீர் கொடுக்கலாம். பழைய ரிப்போர்ட் இருந்தால் போனில் மட்டும் காட்டாமல் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் அதன்மேலேயே எழுதிக் காட்டுவார்.

மில் பழைய கட்டடம், சுவரெல்லாம் விரிசல். உண்ணி நாய் உடம்பில் மட்டும் இல்லை, அந்த விரிசலில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, கொத்தனாரைக் கூட்டி வந்து சிமென்ட் பூசினோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உண்ணி மாத்திரையும் கொடுக்கிறோம். தினமும் ராத்திரி மில்லைப் பூட்டியதும் செவலையின் காது மடல், விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் நான் பூட்டை எடுத்ததுமே அவனாக வந்து படுத்து, காலைத் தூக்கிக் காட்டுகிறான். நேற்றுத் தராசில் நிறுத்தினேன், இருபத்தொன்றரைக் கிலோ.