கோபி 6 ப்ரோட்ரோ: சக ஆட்டக்காரர்கள் காலில் ஏறிய ஷூ

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் ஆட்டம் ஓடும்போது பந்தை விட்டுவிட்டு ஆட்டக்காரர்களின் காலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 2016-ல் ஓய்வுபெற்று, 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோன ஒருவரின் ஷூ இரண்டு அணியிலும் தென்படும். லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய கோபி பிரையன்ட்டின் பெயரில் நைக்கி நிறுவனம் விற்கும் வரிசை அது. அதிலும் அடிக்கடி கண்ணில் படுவது 6-ஆம் எண். 2018-ல் ஷூ நிறத்துக்கான கட்டுப்பாடுகளை என்பிஏ எடுத்துவிட்ட பிறகு, பளிச்சென்ற பச்சையில் இருந்து கறுப்பு வரை எல்லா நிறத்திலும் இதைப் பார்க்கலாம். தன் பெயரில் தனி மாடல் வாங்குமளவுக்குப் பெரிய ஆட்டக்காரர்களும் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் இதைத்தான் மாட்டினார்கள்.

ஷூ நன்றாக இருப்பது ஒரு காரணம். அந்த மனிதர் மேல் இருக்கும் மரியாதை இன்னொரு காரணம். இந்த ஷூவைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. அவருடைய குணம்தான் இதன் அமைப்பைத் தீர்மானித்தது, அதன் குறைகள் உட்பட.

முதலில் அந்தத் தாழ்ந்த கழுத்து. கோபியின் அப்பா ஜோ பிரையன்ட் இத்தாலியில் தொழில்முறை கூடைப்பந்து ஆடியவர். சிறுவயதில் அங்கே வளர்ந்த கோபி கால்பந்து பார்த்துப் பழகியவர். கால்பந்து ஆட்டக்காரர்கள் இவ்வளவு வெட்டி வெட்டி ஓடியும் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூவைத்தானே போடுகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. 2008-ல் வந்த கோபி 4-க்கு அதே மாதிரி வேண்டும் என்று வடிவமைப்பாளர் எரிக் ஏவரிடம் கேட்டார். கூடைப்பந்து ஷூ என்றால் கணுக்காலை மூடியிருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. கோபி யாருடனும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 2008-09 சீசனில் அதைப் போட்டே ஆடி, லேக்கர்ஸுக்குக் கோப்பையும் தனக்கு இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்கள் கார்டுகளுக்காக (பந்தைத் தட்டிக்கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்கள்) செய்யும் ஷூக்களும் தாழ ஆரம்பித்தன.

சக ஆட்டக்காரர்களிடம் அவர் பெயர் வாங்கியதும் இந்த வழியில்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் அமெரிக்க அணி லாஸ் வேகாஸில் முகாமிட்டிருந்தபோது, இரவு வெளியே சுற்றிவிட்டு விடியற்காலையில் விடுதிக்குத் திரும்பியவர்கள், அந்நேரத்தில் ஜிம்முக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கோபியைப் பார்த்தார்கள். அவர் புத்திமதி சொல்லவில்லை. சில நாளில் லெப்ரான் ஜேம்ஸும் டுவைன் வேடும் தாங்களாகவே அவரோடு காலைப் பயிற்சியில் சேர்ந்துகொண்டார்கள். அதே ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, லேக்கர்ஸில் தன்னோடு ஆடும் நெருங்கிய நண்பர் பாவ் கசோலின் நெஞ்சில் மோதி அவரைத் தரையில் சாய்த்தார். கசோல் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து 2009, 2010 இரண்டு கோப்பைகளையும் வென்றார்கள்.

2010 மார்ச்சில் ஆர்லாண்டோவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கோட்டில் இருந்து பந்தை உள்ளே போட வேண்டிய ஆர்லாண்டோ ஆட்டக்காரர் மேட் பார்ன்ஸ், கோபியின் பக்கம் பந்தை ஓங்கிப் போக்குக் காட்டினார். கோபி அசையவே இல்லை. அன்று முழுக்க இருவரும் முட்டிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் பார்ன்ஸ் லேக்கர்ஸில் சேர்ந்தார். தன்னை எதிர்த்து நிற்பவனைக் கோபி மதித்தார். அதனால்தான் எதிரிகளும் அவரை மதித்தார்கள்.

இந்த மரியாதையை அவர் குற்றமற்றவர் என்ற சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2003-ல் கொலராடோவில் அவர் மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு வந்தது. குற்றவியல் வழக்கு 2004-ல் கைவிடப்பட்டது, சிவில் வழக்கு 2005-ல் சமரசத்தில் முடிந்தது. அணித் தோழர்களிடம் கடுமையாக நடந்துகொண்டவர், ஷாகீல் ஓ'நீலோடு ஒத்துப்போகாதவர் என்பதும் உண்மை. ஆட்டக்காரர்கள் தலைவணங்குவது களத்தில் அவர் தன்னிடமே கேட்டுப் பெற்ற உழைப்புக்கு. பின்னாளில் இளையவர்கள் எதைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கும் சேர்த்து.

இனி ஷூவுக்கு வருவோம். மூல கோபி 6 வந்தது 2010 டிசம்பரில். பழைய மாடலின் தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளமைப்பை இன்றைக்கு ஏற்ப மாற்றி வெளியிடும் ப்ரோட்ரோ முறையை நைக்கி 2018-ல் கோபி 1-ல் தொடங்கியது. 6-ஆம் எண் ப்ரோட்ரோவாக வந்தது 2020 டிசம்பரில், 180 டாலருக்கு. 2021 ஏப்ரலில் நைக்கியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து வரிசையே நின்றது. 2022 மார்ச்சில் கோபியின் மனைவி வனெஸா பிரையன்ட் நைக்கியோடு மறுபடி கைகோத்த பிறகு புது நிறங்கள் வர ஆரம்பித்தன.

மேல்பாகம் பாம்புத் தோல் மாதிரி இருக்கும். மெல்லிய துணிமேல் சின்னச் சின்ன பாலியூரித்தேன் செதில்களை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். கால் மடங்கும் இடத்தில் செதில்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி மடிகிறது, பக்கவாட்டில் தள்ளும்போது செதில் பிடித்துக்கொள்கிறது. கிராஸ்ஓவர் போட்டு, அதாவது பந்தைச் சட்டென்று மறு கைக்கு மாற்றி, நிற்கும்போதும், டிஃபென்ஸில் பக்கவாட்டில் நகரும்போதும் கால் ஷூவுக்குள் வழுக்காது. இதன் மறுபக்கம், இது இழுத்துக் கொடுக்காது. துணி ஷூ போல நாலு நாள் போட்டால் அகலமாகிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். காற்றோட்டமும் குறைவு, நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் ஆடினால் உள்ளே ஈரம் தேங்கும். ஆடி முடித்ததும் லேஸைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து, இன்சோலைத் தனியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் சூட்டில் பசை தளர்ந்து சோல் ஓரம் வாய் பிளக்கும்.

சைஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மாலையில், ஆடப் போடும் அதே சாக்ஸோடு, சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பாதத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நைக்கி ஆண்கள் அளவில் 27 செ.மீ. என்பது அமெரிக்க 9, பிரிட்டிஷ் 8. இந்தியாவில் பெட்டியில் பிரிட்டிஷ் எண்ணைச் சொல்லி விற்பார்கள், வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் அமெரிக்க எண்ணில் வரும். இந்த ஒரு எண் வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். குறுகிய பாதம் என்றால் வழக்கமான சைஸ் போதும். முன்பாதம் அகலமானவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கம் அழுத்தும், அரை சைஸ் கூட்டுங்கள். ஒரு முழு சைஸ் கூட்டினால் குதிகால் தூக்கிக்கொள்ளும், தாழ்ந்த கழுத்து ஷூவில் அதுதான் ஆபத்து.

கழுத்து தாழ்ந்தால் கணுக்கால் பிசகும் என்ற பயம் இன்றும் பல பயிற்சியாளர்களிடம் இருக்கிறது. கணுக்கால் பெரும்பாலும் பிசகுவது அடுத்தவர் காலின் மேல் இறங்கும்போதும், பாதம் சோலின் விளிம்பைத் தாண்டி வழியும்போதும். துணிக் கழுத்து எவ்வளவு உயர்ந்திருந்தாலும் உடம்பின் முழு எடை சாயும்போது அது தாங்காது. பாதம் தரைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, குதிகால் எவ்வளவு இறுக்கமாக அமர்கிறது, சோல் ஓரம் எவ்வளவு அகலம் என்பவைதான் முக்கியம். கோபி 6-ல் பாதம் தாழ நிற்கிறது, பின்னால் வெளிப்புறமாக உள்ள கடினக் கூடு குதிகாலைப் பிடித்துக்கொள்கிறது. 2013 ஏப்ரல் 12 அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக அவருடைய குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலீஸ் தசைநாண் அறுந்தபோது அவர் காலில் இருந்தது தாழ்ந்த கழுத்துக் கோபி 8. அதைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. ஆனால் உயர்ந்த கழுத்து அக்கிலீஸைக் காப்பாற்றுவதில்லை. அந்த நாண் அறுந்த காலோடு கோட்டில் போய் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டுவிட்டுத்தான் அவர் வெளியேறினார். அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றி ஆட்டக்காரர்கள் இன்னமும் பேசுகிறார்கள்.

லேஸ் கட்டும் முறை இந்த ஷூவுக்கு முக்கியம். கீழ்த் துளையில் இருந்து ஒவ்வொன்றாக இழுத்து வாருங்கள், மேலே மட்டும் பிடித்து இறுக்கினால் நாக்கு மெலிதாக இருப்பதால் பாதத்தின் மேல் எலும்பில் அழுத்தி மரத்துப்போகும். கடைசித் துளையையும் விடாமல் லேஸைக் கோத்துவிடுங்கள். தடித்த இன்சோல் வாங்கி உள்ளே போடும் வழக்கமும் வேண்டாம். அது குதிகாலை மேலே தூக்கிவிடும், கூட்டின் பிடி போய்விடும்.

குஷனைப் பொறுத்தவரை, முன்பாதத்தில் பெரிய சூம் காற்றுப்பை, மீதி இடத்தில் குஷ்லான் நுரை. முதல் அடி எடுக்கும் இடத்தில் துள்ளல் தெரியும், தரை எங்கே இருக்கிறது என்பது காலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். குதிகாலில் அவ்வளவு மெத்தை கிடையாது. நின்று திரும்பி எகிறிப் பந்தெறியும் கோபியின் ஆட்டத்துக்கு அது பொருந்தியது. கூடைக்குக் கீழே மோதி மோதி இறங்கும் கனமான சென்டர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் பொருந்தாது. கால் தசை பலமில்லாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இதே. அவரைப் போலவே இந்த ஷூவும் எதிரில் இருப்பவரிடம் உழைப்பைக் கேட்கிறது.

கிரிப் நல்ல மரத்தரையில் அருமை, தூசி படிந்த தரையில் சுமார். சோலின் வரிகள் மெல்லியவை, தூசி புகுந்தால் உடனே வழுக்கும். ஆட்டம் நிற்கும் நேரத்தில் ஈரத்துணியால் அடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். நம் கல்லூரிகளிலும் தெருமுனைகளிலும் உள்ள சிமென்ட் கோர்ட்டுக்கு இதைக் கொண்டுபோவது வீண். ரப்பர் மெல்லியது, பெருவிரல் திரும்பும் இடமும் குதிகாலின் வெளி ஓரமும் முதலில் மழுங்கும். சிமென்ட்டில்தான் ஆடுவீர்கள் என்றால் தடித்த, கெட்டியான ரப்பர் சோல் உள்ள வேறு ஏதாவது ஷூவுக்குப் பாதிப் பணம் போதும்.

போலிகள் சந்தையில் குவிந்திருக்கின்றன. நிஜ ஜோடியில் செதில்களைத் தடவினால் ஒவ்வொன்றும் விரலில் தனித்தனியே தட்டும். போலிகள் பலவற்றில் அது வெறும் அச்சாக, தட்டையாக இருக்கும். முன்பாதத்தை இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள், விரல் மடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் சப்பாத்தி மாதிரி மடங்கினால் வேண்டாம். பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் நாக்கின் உள்ளே உள்ள சீட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 2010-ல் வந்த மூல ஜோடி புதுசாகவே பெட்டியில் இருக்கிறது என்று யாராவது விற்றால் அலங்காரத்துக்கு மட்டும் வாங்குங்கள். இத்தனை ஆண்டில் பசை காய்ந்திருக்கும், முதல் ஆட்டத்திலேயே சோல் பிரியலாம்.

வரிசையில் இன்னொன்று 2023-ல் வந்த கோபி 8 ப்ரோட்ரோ. மேல்பாகம் நெய்த வலை, எடை மிகக் குறைவு, காற்றோட்டம் நன்று. உள்ளே கழற்றி மாட்டும்படி முழு நீள ரியாக்ட் நுரை இருப்பதால் குதிகாலுக்கு 6-ஐவிட இதமானது. ஆனால் வலை நாளடைவில் இளகும், இறுக்கமான பிடி வேண்டியவர்களுக்கு 6-தான்.

யார் யார் இதைப் போட்டார்கள் என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. காம்ப்டனில் லேக்கர்ஸைப் பார்த்து வளர்ந்த டெமார் டெரோஸன் ஆண்டுக்கணக்கில் இந்த வரிசையில் ஆடியவர். கோபி இறந்த அன்று சான் அன்டோனியோவில் டெரோஸனின் ஸ்பர்ஸும் டொரான்டோவும் ஆட வேண்டியிருந்தது. 2006-ல் கோபி 81 புள்ளிகள் எடுத்தது அதே டொரான்டோவுக்கு எதிராக. ஆட்டம் தொடங்கியதும் இரு அணிகளும் முறைவைத்துப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூடையை நோக்கி எறிய ஓர் அணிக்குக் கிடைக்கும் 24 நொடியைக் கரையவிட்டன. 24 அவருடைய சட்டை எண். பயிற்சியாளர்களும் ரசிகர்களும் எழுந்து நின்றார்கள்.

ஃபீனிக்ஸ் அணியின் டெவின் புக்கருக்கு 2016 மார்ச்சில், ஃபீனிக்ஸில் கோபி கடைசியாக ஆடிய அன்று, அவர் தன் ஷூவில் கையெழுத்திட்டு இரண்டு சொல் எழுதிக் கொடுத்தார்: ‘பீ லெஜண்டரி’. தனக்கென்று ஷூ வரும் வரை புக்கர் கோபி வரிசையில்தான் ஆடினார். அப்போது கல்லூரி அணியில் ஆடிய சப்ரினா யொனெஸ்கு கோபியிடமும் அவர் மகள் ஜியானாவிடமும் நெருக்கமாக இருந்தவர். 2020 பிப்ரவரி 24 அன்று காலை லாஸ் ஏஞ்சலிஸில் நினைவுக் கூட்டத்தில் பேசிவிட்டு, அன்று மாலையே ஸ்டான்ஃபோர்டில் ஆடி, கல்லூரிக் கூடைப்பந்தில் 2000 புள்ளிகள், 1000 அசிஸ்ட், 1000 ரீபவுண்ட் மூன்றையும் எட்டிய முதல் ஆள் ஆனார்.

கோபி 6 கிடைக்காமல், மறுவிற்பனைக்காரர்கள் சொல்லும் விலைக்கும் மனசில்லாமல் இருப்பவர்கள் அந்த யொனெஸ்குவின் ஷூவைப் பாருங்கள். சப்ரினா 1 வந்தது 2023-ல், என்பிஏ ஆண்களும் போட்டு ஆடுகிறார்கள். இதிலும் முன்பாதத்தில் சூம் காற்றுப்பை உண்டு, கழுத்து தாழ்ந்ததுதான், விலை குறைவு. அகலப் பாதக்காரர்கள் கடையில் இரண்டு காலிலும் போட்டு, பக்கவாட்டில் நாலு முறை தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.