பரிசுப் படிகளா, வெறும் நன்கொடையா?

தனி ஆளாக ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, பார்த்துக்கொள்பவர் நன்கொடை கேட்க இரண்டு வழிகள் உண்டு. மாதம் 3 டாலருக்கு இது, 10 டாலருக்கு அது என்று படிகள் வைத்து, கொடுப்பவருக்குப் பதிலுக்கு ஏதாவது தருவது ஒன்று. விருப்பமிருந்தால் கொடுங்கள் என்று விட்டுவிடுவது மற்றொன்று. லிபராபே என்ற நன்கொடைத் தளம் இந்த ரகம். நான் முதல் வழியில் ஒன்றரை வருடம் போய்விட்டு இரண்டாவதற்கு வந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

கமிஷன் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் படிகள் வைத்து நன்கொடை வாங்க உதவும் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், தனிநபர் கணக்கிலிருந்து வரும் தொகையில் எதையும் பிடிப்பதில்லை. 2015-இல் தொடங்கிய, பிரான்ஸைச் சேர்ந்த லாப நோக்கமற்ற அமைப்பான லிபராபேயும் தனக்கென்று பங்கு எடுப்பதில்லை. அதுவே நன்கொடையில்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே கார்டு கட்டணம் போகும். 2.9 சதவீதமும் 30 சென்டும் என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் 1 டாலர் கொடுப்பவரின் பணத்தில் வருடத்துக்கு 4 டாலர் வரை கரைந்துவிடும். 12 டாலரை ஒரே தடவையில் கட்டினால் 65 சென்ட்தான். காசு விஷயத்தில் கிட்ஹப் ஒரு படி மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வழியை விட்டு என்னை ஓட வைத்தது நானே எழுதிவைத்த வாக்குறுதிகள். 3 டாலருக்கு மாதக் கடிதம், 10 டாலருக்கு 'உங்கள் பக் (நீங்கள் சொல்லும் நிரல் பிழை) முதலில் பார்க்கப்படும்'. ஒரு மாதம் நான் செய்தது மொத்தமே இரண்டு கமிட், அதாவது நிரலில் பதிந்த மாற்றம். அதில் ஒன்று எழுத்துப்பிழைத் திருத்தம். கடைசி ஞாயிறு இரவு உட்கார்ந்து அதை ஒரு பக்கக் கடிதமாக இழுக்க மூன்று மணி நேரம் ஆனது. பிப்ரவரி 29 வந்தால் தேதியைத் தப்பாகக் காட்டி எல்லாரையும் படுத்திக்கொண்டிருந்த பக்கை அந்நேரத்தில் முடித்திருக்கலாம்.

அப்புறம் 10 டாலர்காரர் ஒருவர், அவரைத் தவிர யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய பதிப்பிலும் லைப்ரரி ஓட வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வாக்குக் கொடுத்தாயிற்றே, செய்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடாமல் இருந்திருக்கலாம்.

லிபராபேயில் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் விதியே. பெயரை மறைத்தும் கொடுக்கலாம். பயனர்கள் பக்குகளையும் கோரிக்கைகளையும் பதியும் இஷ்யூ பட்டியலைத் திறந்தால் யார் காசு கொடுத்தவர் என்று தெரியாது. எந்த பக் அதிகம் படுத்துகிறதோ அதை எடுக்கிறேன்.

விலையும் உண்டு. மாறிய முதல் மூன்று மாதங்களில் வரவு பாதியானது, இன்னும் முழுதாக மீளவில்லை. நன்கொடை தானாகக் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இணையத்தின் பாதியைத் தாங்கிக்கொண்டிருந்த, தகவலை மறையாக்கம் செய்து அனுப்பும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே, 2014-இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்வரை, ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது.

குழுவாக வேலை செய்பவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வரவு செலவை எல்லாருக்கும் திறந்து காட்டும் ஓப்பன் கலெக்டிவ் என்ற தளம் அவர்களுக்குத் தோதாக இருக்கலாம்; நான் அதில் கணக்கு வைத்ததில்லை.

அந்த 10 டாலர்காரர் இப்போதும் பக் அனுப்புகிறார். இப்போதும் கொடுக்கிறாரா, தெரியாது.